நான்காவது விதி

கிளி ஓட்டும் கை

ஜவ்வாது மலையில் வகுப்பெடுத்த முதல் நாளே என் வித்தை சிரிப்பாய்ச் சிரித்தது.

பெங்களூரில் ஒரு திபெத்திய மாஸ்டரிடம் வெள்ளைக் கொக்குச் சண்டைக்கலை கற்றவள் நான். வாணியம்பாடியில் சொந்தமாகக் கிளாஸ் நடத்துகிறேன். மலை ஊர்ப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் சமுதாயக் கூடத்தில் பயிற்சி தர அழைத்திருந்தார்கள்.

காலை அகட்டி முழங்காலை மடக்கிக் குதிரை நிலையில் நிற்கவைத்தேன். பிறகு கைவீச்சு. தோளைத் தளர்த்தி, இடுப்பைத் திருப்பி, முழுக்கையையும் சக்கரமாகச் சுழற்ற வேண்டும். பலம் இடுப்பிலிருந்து வரும்.

"இன்னா மாஸ்டரக்கா, சாமைக் காட்டுல கிளி ஓட்டுற மாரி கீது!" என்றாள் அரவை மில்லில் வேலை பார்க்கும் செல்வி. கூடமே அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்று நன்றாகச் சுழற்றியவளும் அவள்தான்.

மணல்பை

இந்தக் கலைக்கு நான்கு விதிகள். விலகு. மறி. இடைவெளியில் புகு. இறங்கிவிட்டால் தயங்காதே. நான்காவதுக்கு மட்டும் விளக்கம் சொல்லமாட்டேன். மணல்பையை மொத்திக் காட்டுவேன்.

ஒரு ஞாயிறு, செல்வியின் அண்ணன் குமார் பைக்கை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"பொண்ணு பாக்க வர்றாங்க, நீ இங்க கையக் கால ஆட்டிக்கினு இருக்கியா? வூட்டுக்கு வா!"

மணிக்கட்டைப் பிடிக்கப் பாய்ந்தார். செல்வி இடுப்பைத் திருப்பி ஓரமாகக் கால் வைத்தாள். வந்த வேகத்தில் அவர் பாய் அடுக்கின்மேல் குப்புற விழுந்தார். அவள் கை ஓங்கியபடி நின்றது.

அடி விழுந்தால் மறுநாள் கூடத்துக்குப் பூட்டுதான்.

செல்வி கையை இறக்கினாள்.

"எனக்கு இப்போ கல்யாணம் வேணாம்னு காலைலயே சொன்னேன்ணா. வர்றவங்ககிட்ட நீ சொல்றியா, நான் வந்து சொல்லட்டுமா?"

குரலில் நடுக்கமே இல்லை. குமார் எழுந்து சட்டையைத் தட்டினார்.

"நானே சொல்றேன்." வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்தக் கால எப்டி வெச்ச?"

செல்வி மறுபடி வைத்துக் காட்டினாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்களாம். வகுப்பும் நிற்கவில்லை.

தயங்காதே என்றால் அடித்து நொறுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மனதில் முடிவெடுத்ததை வாயால் சொல்லத் தயங்காமலிருப்பதும் அதில் சேர்த்திதான். இப்போதெல்லாம் நான்காவது விதிக்கு நான் மணல்பையைத் தொடுவதில்லை. ஒவ்வொருத்தியையும் நடுவில் நிற்கவைத்து, "வேணாம்" என்று உரக்கச் சொல்லச் சொல்கிறேன். பலருக்கும் குதிரை நிலையைவிட அதுதான் கஷ்டமாக இருக்கிறது.