திருமுருகன் எழுதாமல் விட்ட பாஸ்கள்

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் திருமுருகன் பதினாறு வருடமாகக் கண்டக்டர். வீடு கீரனூரில். அவன் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அவன் மனைவி பிரகதீஸ்வரி ஐந்தடி பதினொன்று. இந்த ஏழு அங்குலத்தைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் கல்யாணத்தின்போதே ஊரார் பேசி முடித்துவிட்டார்கள்.

அவளை அவன் முதலில் பார்த்ததும் பேருந்தில்தான். அன்னவாசல் பெண். கீரனூரில் மாமா வீட்டில் தங்கி, திருச்சிக் கல்லூரிக்குப் போய்வந்தாள். கூட்டத்தில் நின்றால் மேல்கம்பி நெற்றியில் இடிக்கும். "இவங்களுக்குக் கொஞ்சம் எடம் விடுங்கம்மா, கம்பி இடிக்குது" என்று தினமும் யாரிடமாவது சொல்லி அவளை உட்கார வைப்பான். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் உயரத்தைக் கேட்டுத் திரும்பிப் போயிருந்த சமயத்தில், மாமாவிடம் போய் அவனே கேட்டான்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவள் கூடைப்பந்து ஆடுவதை அவன் பார்த்தான். விதிகள் ஒன்றும் புரியவில்லை. ஆனால் நாள் முழுக்கத் தலைகளை எண்ணும் ஆளுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க வராது. அவள் எத்தனை கூடை போட்டாள், தவறி வந்த பந்துகளை எத்தனை முறை பிடித்தாள் என்று ஒரு நீள நோட்டில் எழுத ஆரம்பித்தான். அவள் எந்தக் கூடையில் போடுகிறாளோ அந்தக் கூடைக்குப் பின்னால்தான் உட்காருவான். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறினால் இவனும் நோட்டைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் நடப்பான். பன்னிரண்டு வருடத்தில் நான்கு நோட்டுகள் நிரம்பிவிட்டன.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஆறு ஊர்களை வைத்துப் பெண்களுக்கான லீக் போட்டி ஒன்று தொடங்கியது. புதுக்கோட்டை அணியை அரிசி ஆலை நடத்தும் ரகுநாத் எடுத்தார். ஐந்து மாதத்துக்குச் சம்பளம். முப்பத்து மூன்று வயதில் பிரகதீஸ்வரிக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. முதல் இரண்டு வருடமும் கோச் அய்யப்பன். அவருடைய ஆட்டம் எளிமையானது. கூடைக்குக் கீழே, கூடைக்கு முதுகைக் காட்டிப் பிரகதீஸ்வரி நிற்பாள். பந்தை உயரே வீச வேண்டும். அவள் பிடித்து, ஒரே திருப்பில் கூடைக்குள் போட்டுவிடுவாள். ஆட்டத்துக்குப் பதினாறு பதினேழு புள்ளிகள் எடுப்பாள்.

மூன்றாவது வருடம் கோச் மாறினார். புதியவர் பெயர் மரியசெல்வம். திண்டுக்கல்காரர், முப்பது வயது, மெதுவாகப் பேசுவார். அவருடைய திட்டத்தில் கூடைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. ஐந்து பேரும் வெளியே பரவி நிற்க வேண்டும். பந்து முதலில் நடுவில் நிற்கும் பிரகதீஸ்வரிக்கு வரும். மற்ற நால்வரும் ஓடிக்கொண்டே இருக்க, யார் ஆளில்லாமல் தனியாகக் கிடைக்கிறாரோ அவருக்கு அவள் பந்தைக் கொடுக்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் பிரகதீஸ்வரி எடுத்தது நான்கு புள்ளி. அணி இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் ஆறு எடுத்தாள். அதிலும் தோல்வி.

பேருந்தில் வழக்கமாக வரும் மருதாயி, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர், டிக்கெட்டை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏங் கண்டக்டரு, அந்தப் புள்ளய எதுக்கு வெளியில நிறுத்தி வச்சிருக்காக? எட்டிப் போடுறதுக்குத்தான அம்புட்டு ஒசரம்?"

"எனக்கும் அதாங்க்கா தெரியல."

"நீ போயிக் கேளு. வீட்டுக்காரன் கேக்காம வேற யாரு கேக்குறது?"

மூன்றாவது ஆட்டமும் தோற்ற மறுநாள் காலை, மகள் இலக்கியாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்த பிரகதீஸ்வரி வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திருமுருகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"பிடிக்கலன்னா சொல்லிரு பிரகதி."

"பிடிக்காம இல்லங்க. பதினெட்டு வருசமா கூடைக்கு முதுகக் காட்டித்தான் வெளாண்டிருக்கேன். பின்னாடி யாரு இடிக்கிறா, எந்தப் பக்கம் திரும்பணும்னு முதுகுக்கே தெரியும். இப்பக் கூடையப் பாத்து நிக்கச் சொல்றாரு. எல்லாரும் என் மொகத்தையே பாக்குற மாதிரி இருக்கு. கைய எங்க வைக்கிறதுன்னே தெரியல. கூச்சமா இருக்கு."

முப்பத்தைந்து வயதில் அவள் இந்தச் சொல்லைச் சொன்னது அவனை என்னவோ செய்தது. அவளிடம் சொல்லாமல், அடுத்த ஓய்வு நாளில் நான்கு நோட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனான்.

மரியசெல்வம் வாடகை அறையில் தனியாக இருந்தார். கட்டில்மேல் லேப்டாப் திறந்திருந்தது. நாற்காலியை இவனுக்குத் தந்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். திருமுருகன் சுற்றி வளைக்கவில்லை.

"சார், இதுல பன்னெண்டு வருசத்துக் கணக்கு இருக்கு. அவ கூடைக்குக் கீழ நின்னப்ப என்ன செஞ்சான்னு பாருங்க. ஒங்க திட்டத்துல கீழ ஆளே இல்ல. பந்து தவறுனா யாரு புடிப்பா?"

கோச் கோபப்படவில்லை. முதல் நோட்டைத் திறந்தவர் பத்து நிமிடம் தலை நிமிரவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் சிரித்தார். பிறகு கேட்டார்.

"அண்ணே, அக்கா குடுத்த பாஸ் எதுலயும் எழுதலையே?"

"எந்தப் பாஸ்?"

"அவங்க பந்த வாங்கி மத்தவங்களுக்குக் குடுப்பாங்கல்ல. அது."

திருமுருகன் யோசித்துப் பார்த்தான். அவள் கையை விட்டுப் பந்து இன்னொருத்தியிடம் போனதும் அவன் கண்கள் எப்போதும் நோட்டுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு பந்து எங்கே போனதென்று அவன் பார்த்ததே இல்லை.

"எழுதலைங்க" என்றான். ஏதோ தப்புச் செய்துவிட்டது போலிருந்தது.

மரியசெல்வம் லேப்டாப்பைத் திருப்பிப் போன வருட ஆட்டம் ஒன்றைக் காட்டினார். கூடைக்குக் கீழே பிரகதீஸ்வரியை மூன்று பேர் சூழ்ந்திருந்தார்கள். திரும்பிப் பார்க்காமலே அவள் பந்தை வலது மூலைக்குத் தட்டிவிட்டாள். அங்கே தேவிப்ரியா என்ற சின்னப் பெண் தன்னந்தனியாக நின்றாள். பந்தைப் போட்டாள். விழவில்லை.

"மூலையில ஆள் இருக்குன்னு முதுகுப் பக்கமாவே தெரிஞ்சிருக்கு. அந்தப் பொண்ணு தவறவிட்டதால இது யாரு கண்ணுலயும் படல. இந்த மாதிரி நாப்பது இருக்கு எங்கிட்ட. முதுகுக்கே இவ்வளவு தெரிஞ்சா, நேராப் பாத்தா எவ்வளவு தெரியும்? இதான் அண்ணே என் திட்டம். வேற ஒண்ணும் இல்ல."

"அப்பத் தவறுற பந்து?"

"அதுக்கு எங்கிட்ட நல்ல பதில் இல்ல" என்றார் கோச். "எனக்கும் பயந்தான். இன்னும் ஒரு ஆட்டம் பாப்போம்னு மொதலாளி சொல்லிருக்காரு."

நோட்டுகளை இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். இவன் கொடுத்துவிட்டு வந்தான். சமாதானம் ஆகியிருந்தான் என்று சொல்ல முடியாது.

நான்காவது ஆட்டத்துக்குப் புது நோட்டோடு போனான். எப்போதும் போலக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில்தான் அவனுக்கு உறைத்தது. இத்தனை வருடமும் இங்கே உட்கார்ந்து அவள் முதுகையும் சட்டையில் பதினொன்று என்ற எண்ணையும் மட்டுமே பார்த்திருக்கிறான். இன்று அவள் இவன் பக்கம் பார்த்து நின்றாள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதட்டை லேசாகக் கடித்துக்கொண்டு, இடமும் வலமுமாகத் தேடினாள். வீட்டில் அவன் பார்த்திராத முகம் அது. பக்கத்தில் யாரும் இல்லாத ஒரு பெண்ணை அவள் கண்டுபிடித்த நொடியில் அந்த முகம் தெளிந்ததை அவன் பார்த்தான். பந்து போனது. விழவில்லை. அவன் எழுதினான்: பாஸ் ஒன்று.

அன்று பதினான்கு பாஸ் எழுதினான். நான்குதான் கூடையானது. தவறிய பந்துகளையெல்லாம் எதிரணி மதுரைக்காரிகள் பிடித்துக்கொண்டார்கள். அணி ஐந்து புள்ளியில் தோற்றது.

மறுநாள் மாலை பயிற்சி முடிந்து வந்த பிரகதீஸ்வரியின் கையில் துணிப்பை இருந்தது.

"கோச்சு குடுத்தாரு. நீங்க போனதச் சொல்லவே இல்ல."

"கோவமா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து முதல் நோட்டைப் பிரித்தாள். அவன் ஏதோ எழுதுகிறான் என்பது மட்டும்தான் அவளுக்கு இத்தனை நாளும் தெரியும். வாங்கிப் படித்ததில்லை. எண்களுக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் வேறு சிலவும் இருந்தன. 'முழங்கையில அடி. வெந்நீர்.' 'காய்ச்சலோட ஆடுனா. 14.' 'இலக்கியா பொறந்து ஏழு மாசம். மொத ஆட்டம். 6. போதும்.' அந்தப் பக்கத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அவன் அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சினான்.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். "கரூர்ல நான் எடுத்தது பதினெட்டு. பதினாறுன்னு போட்டிருக்கீங்க."

"இருக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பதினெட்டு. கடைசி ரெண்டு போட்டப்ப நீங்க டீ வாங்கப் போயிட்டீங்க."

அவன் பேனாவைத் தேடி எடுத்துவந்து திருத்தினான்.

ஐந்தாவது ஆட்டத்துக்கு முன்னால் ரகுநாத் அவளை ஆலை அலுவலகத்துக்கு அழைத்தார். அய்யப்பன் திரும்பி வரத் தயாராக இருந்தார்.

"நீங்கதான் சீனியர். ஒங்களுக்குத்தான் பாயிண்டு கொறஞ்சுபோச்சு. சொல்லுங்க, மாத்திரலாமா?"

"கொறஞ்சிருக்குதாங்க" என்றாள் பிரகதீஸ்வரி. "இந்த ஆட்டம் சரியா வரும்னு எனக்கும் முழுசா நம்பிக்கை வரல. ஆனா தேவிப்ரியா காலையில அஞ்சரைக்கே வந்து மூலையில நின்னு நூறு பந்து போடுறா. நேத்து அறுபத்திரண்டு விழுந்துச்சு. அந்தப் பந்து விழ ஆரம்பிச்சா என்ன ஆகும்னு எனக்குப் பாக்கணும். இப்ப மாத்துனா அது தெரியாமலே போயிரும்."

"சரிம்மா, இந்த வருசம் முடியட்டும்" என்றார் ரகுநாத்.

மீதி ஆறு ஆட்டங்களில் நான்கில் ஜெயித்தார்கள். அரையிறுதியில் ஈரோட்டிடம் மூன்று புள்ளியில் தோற்றார்கள். கடைசியில் அவர்களைச் சாய்த்தது தவறிய பந்துதான். பிடிக்கக் கீழே ஆள் இல்லை. அந்த விஷயத்தில் திருமுருகன் சொன்னதே சரி என்று மரியசெல்வம் அவனிடமே வந்து ஒப்புக்கொண்டார். அடுத்த வருடமும் அவரே கோச் என்று முடிவாகியிருந்தது. பிரகதீஸ்வரி ஆட்டத்துக்கு ஏழு புள்ளிதான் எடுத்தாள். ஆனால் அவள் கொடுத்து விழுந்த கூடைகள் லீக்கிலேயே அதிகம். அந்த எண்ணை லீக்காரர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

இந்த வருடத்தோடு நிறுத்திவிட நினைத்திருந்தவள், இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். வெளியே நிற்பதால் தானும் தூரத்திலிருந்து போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். கீரனூரில் பள்ளி மைதானத்துக் கூடையில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தாள். பந்தைப் பொறுக்கிப் போட ஆள் வேண்டுமென்று திருமுருகனும் கூடவே போனான். பன்னிரண்டு வருடம் பார்த்திருந்தும் அதுவரை அவன் கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. முதல் நாள் அவன் வீசிய பந்துகள் அவள் காலடியிலும் தலைக்கு மேலேயும் போயின.

"நெஞ்சுக்கு நேரா போடுங்க" என்றாள்.

"என் நெஞ்சுக்கா, ஒன் நெஞ்சுக்கா?"

"எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்ததில் அடுத்த பந்து நழுவி மைதானத்து ஓரம்வரை உருண்டது. அவன் ஓடிப்போய் எடுத்து வந்தான்.

நான்காம் நாள் ஒரு பந்து சரியாக அவள் கைக்குள் போய் உட்கார்ந்தது. அவள் பிடித்த வேகத்திலேயே தூக்கிப் போட்டாள். வளையத்தில் ஒருமுறை சுற்றி உள்ளே விழுந்தது. ஏழே காலுக்கு அவன் முதல் டிரிப். இன்னும் பத்துப் பந்துக்கு நேரம் இருந்தது.