துண்டுக்கு மேலே இருந்த கைகள்

சிவப்புக் கரை போட்ட துண்டு அது. ராயபுரத்தில் விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை, வைத்திருந்தவர்களின் சங்கத் தலைவர் அதை மேஜைமேல் விரித்தால், வாயால் பேசக்கூடாத விஷயம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொருவராகத் துண்டுக்கு அடியில் கையை விடுவார்கள். தலைவர் விரலைப் பிடித்தே அவரவர் டெண்டரில் கேட்க வேண்டிய விலையைச் சொல்லிவிடுவார். மாட்டுச் சந்தைத் தரகர்களின் வழக்கம். பகலில் பள்ளிக்கூட வாத்தியாரான நான் சாயங்காலத்தில் அந்தச் சங்கத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ‘பொது விஷயங்கள் பேசப்பட்டன’ என்று எழுதி முடிப்பேன். அழகான கையெழுத்து என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

திருவொற்றியூர்த் தொட்டிக்காரர் ஒருவர் இருந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரிச் சமையலுக்குச் சவுக்கு விறகு போடும் டெண்டர்தான் அவருடைய பிழைப்பு. டெண்டர் போடுகிறவர்கள் தங்களுக்குள் விலை பேசக்கூடாது, பேசினால் பெயரை அடித்துவிடுவோம் என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருந்தது. நான் அதைப் படித்துக் காட்டியபோது மற்றவர்கள் சிரித்தார்கள். இவர் மட்டும் என்னை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அன்றைக்குத் துண்டு விரிந்ததும், இவர் தன் இரண்டு கைகளையும் அதன்மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். பிறகு எழுந்தார். “வாத்தியாரே, நான் எய்ந்து பூட்டேன்னு எயுதிக்கோ. மணியையும் போடு” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தேகால். நான் பேனாவை எடுத்துவிட்டேன். தெற்கத்திக்காரரான தலைவர் சாவதானமாகச் சொன்னார்: “அத எழுதாதீரும் வாத்தியாரே. வெல பேசுனோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்லா.” பேனாவை மூடிவிட்டேன். எங்கள் சங்கத்தில் கையெழுத்தை உள்ளே வரும்போதே வாங்கிவிடுவோம். அதனால் அவர் கையெழுத்து முதல் வரியிலேயே இருந்தது. அவர் எழுந்து போனது புத்தகத்தில் எங்குமே இல்லை.

யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். எல்லோருடைய விலையும் உயர்ந்திருக்க, இவர் விலை மட்டும் குறைவு. கூடிப் பேசி இவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று அதையே சாட்சியாக்கினார். “நான் பாதியிலே பூட்டேன் தொரே, வாத்தியாரைக் கேளுங்கோ” என்றார் இவர். அதிகாரி என்னைக் கேட்டார். தலைவரின் கண் என்மேல்தான் இருந்தது. “புத்தகத்தில் அப்படி இல்லை” என்றேன். அது பொய்யில்லை. அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

எல்லோர் பெயரையும் அடித்தார்கள். மற்றவர்கள் மச்சான் பெயரிலும் மருமகன் பெயரிலும் மறு டெண்டருக்கே வந்துவிட்டார்கள். இவருக்குப் பினாமி வைக்கத் தெரியவில்லை. தொட்டியை விற்றுவிட்டு, எண்ணூர்க் கால்வாய்த் துறையில் அடுத்தவர் படகிலிருந்து விறகு இறக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னைப் பார்த்து, தலைச்சுமையோடு நின்று, “மணியாச்சும் போட்டிருக்கலாம் வாத்தியாரே” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் அதே சங்கத்தின் ஆண்டுவிழா. இத்தனை வருஷத்தில் நடவடிக்கைப் புத்தகத்தில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது என்று பழைய தலைவரின் மகன் என்னைப் புகழ்ந்து, சிவப்புக் கரைத் துண்டு ஒன்றை என் தோளில் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்து போயிருக்கலாம். சுவரில் கடிகாரம்கூட இருந்தது. நான் துண்டுக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.