டேப்பட் கவர் பஸ்ஸில் போன கதை

1991இல் எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. இப்படிச் சொன்னால் பெரிய வசதி என்று நினைப்பீர்கள். அந்தக் கார் என்னைவிட வயதில் மூத்தது. என் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் மேனேஜர் ஒருவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போகும்போது, "ஓடுற வரைக்கும் ஓட்டு" என்று சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பச்சை நிறம், உருண்டையான முதுகு. கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துகிற சத்தம் வரும். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான் கார்.

ஆனால் அதில் ஏறி யாரும் நிம்மதியாக எங்கேயும் போனதில்லை. கொஞ்ச தூரம் ஓடியதும் இன்ஜின் மேலிருந்து எண்ணெய் வழிந்து, பழுக்கக் காய்ந்த புகைக்குழாயில் சொட்டும். அது கருகுகிற வாடை அப்படியே உள்ளே வரும். என் மாமியாருக்கு ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரகடம் கூட்டுரோடு வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துவிட்டார். திரும்பி வந்து இறங்கியதும், "இனிமே இந்த வண்டில நான் காலு வெச்சா பாரு" என்றார்.

படப்பையில் ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின எறக்கணும்" என்று சொல்லி மூடிவிட்டார். என் கணவர் லீவு போட்டுப் பார்க்கிறேன் என்றார். அவருக்கு ஷிப்ட் முடிந்தால் ஓ.டி., ஓ.டி. முடிந்தால் தூக்கம். கார் வாசலில் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு நின்றது.

வீட்டில் பகலில் இருந்தது நாங்கள் மூன்று பெண்கள். மாமியார், நான், என் நாத்தனார். அவள் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டபடி இருந்தாள். சும்மா உட்கார முடியாத ஜென்மம். ஒருநாள் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பியதும், கோணியை இழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, இங்க வந்து பாரேன். எண்ணெ மேலருந்துதான் வருது."

எட்டிப் பார்த்தேன். இன்ஜின் உச்சியில் ரொட்டி சுடுகிற தகர அச்சைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு மூடி. அதற்கு டேப்பட் கவர் என்று பெயர். அதன் விளிம்பைச் சுற்றித்தான் கறுப்பாக வழிந்திருந்தது. விளிம்புக்குக் கீழே எல்லாம் அழுக்கு. அதற்கு மேலே மூடி சுத்தமாகவே இருந்தது.

"மூடி ஒழுவறதுக்கு எதுக்கு இன்ஜின எறக்கணும்?" என்றாள்.

எனக்கும் அதே கேள்விதான். மேலே இரண்டே நட்டு. அவருடைய ஸ்பேனர் பையை எடுத்து வந்து கழற்றினோம். மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்த பேக்கிங் கைபட்டதும் அப்பளமாக நொறுங்கியது. கார்க் கட்டையில் செய்த மெல்லிய சட்டம் அது. எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் பல்லாவரம் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருந்தவள் நான். அளவு வைத்துத் தோல் வெட்டி வெட்டிக் கை காய்த்துப்போனவள். இந்தச் சட்டத்தை வெட்ட முடியாதா?

இரண்டு பேரும் மூடியை மண்ணெண்ணெயில் கழுவி, ஒயர் கூடையில் வைத்து, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கூடைக்குள் குனிந்து பார்த்தார்.

"இன்னாமா இது, புதுசா கீது? கேக்கு சுடறதா?"

"ஆமாம்மா," என்றாள் நாத்தனார், முகத்தை மாற்றாமல். "ரெண்டு ஓட்ட கீதே, அதுல ஆவி போவும்."

"எங்க வாங்கின?"

அந்த அம்மா இறங்கும்வரை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

லாரி சாமான் விற்கிற கடையில் கார்க் ஷீட் கிடைத்தது. கடைக்காரர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒட்டுவதற்கு ஷெல்லாக் என்ற பழுப்புப் பசை ஒரு குப்பியும் கொடுத்தார். "மூடி பக்கம் மட்டும் தடவுங்கம்மா. இன்ஜின் பக்கம் தடவுனா அப்பறம் பிரிக்கவே வராது" என்றார்.

கூடத்தில் பலகையைப் போட்டு, மூடியை ஷீட்டின் மேல் கவிழ்த்து வரைந்து, என் பழைய கத்தியால் வெட்டினேன். ஒரே இழுப்பில் வளைவு வந்தது. கம்பெனியை விட்டு வந்த பிறகு அப்படியொரு சந்தோஷம் என் கைக்கு வந்ததில்லை. பசை தடவி ஒட்டி, மூடியை வைத்து, இனி ஒரு சொட்டு வரக்கூடாது என்று இரண்டு பேரும் மாறி மாறி பலம் கொண்ட மட்டும் நட்டை முறுக்கினோம். ஸ்டார்ட் செய்தோம். முன்னைவிட அதிகமாகக் கொட்டியது.

நாத்தனார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் வந்தா இன்னா சொல்றது?"

"மொதல்ல கழட்டலாம் வா" என்றேன்.

கழற்றி, பீரோவின் உள்கண்ணாடியைப் பெயர்த்தெடுத்துக் கட்டிலில் படுக்கவைத்து, அதன்மேல் மூடியை வைத்துப் பார்த்தோம். விஷயம் விளங்கியது. நாங்கள் முறுக்கிய முறுக்கில் தகரம் நடுவில் அமுங்கி, விளிம்பு வளைந்து, தீப்பெட்டி அட்டை நுழைகிற அளவுக்கு இடைவெளி. சப்பாத்திக் கட்டையை எடுத்து மெதுவாகத் தட்டினாள் அவள். தட்டுவதும் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பதுமாக வெகுநேரம். "எங்க வூட்டு சப்பாத்திக்குக் கூட இவ்ளோ நேரம் எடுத்தது இல்ல" என்று மாமியார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

மிச்ச ஷீட்டில் இன்னொரு பேக்கிங் வெட்டினேன். இந்த முறை பசை தடவி, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்து நன்றாகக் காயவிட்டோம். பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நட்டைத் திருகி, பேக்கிங் அமுங்கியது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டோம். இன்ஜினைத் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். காபி போட்டுக் குடிக்கிற நேரம் ஓடவிட்டு, வெள்ளைத் துணியால் விளிம்பைச் சுற்றித் துடைத்தேன்.

துணி வெள்ளையாகவே வந்தது.

நாத்தனார் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். மாமியாரும் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, மூக்கை இழுத்து மோந்து பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது பட்டுப்புடவையும் தலையில் பூவும். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"அத்தை, அவரு இன்னும் வரலியே" என்றேன்.

"வர்ட்டும். நான் எறங்க மாட்டேன்."

பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த என் கணவர், காருக்குள் அலங்காரமாக உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து மிரண்டுபோனார். "இன்னாச்சு? யாருக்கு இன்னா?"

"ஒண்ணும் ஆவல. வண்டிய எடு" என்றார் மாமியார்.

பானெட்டைத் திறந்தார். விரலால் விளிம்பைத் தடவி, விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"நட்ட எவ்ளோ டைட் வெச்ச?"

"மூடி நசுங்காத அளவுக்கு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முகம்கூடக் கழுவாமல் யூனிபார்மோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

கார் ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டியது. மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. வழியில் வருகிற ஒவ்வொரு தெரிந்த முகத்துக்கும் கையாட்டிக்கொண்டு வந்தார். வல்லக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், மரத்தடியில் இவர் வண்டியை ஓரங்கட்டினார். "ஒரு தபா பாத்துடலாம்" என்றார். பானெட்டைத் தூக்கி நான்கு பேரும் தலையை உள்ளே விட்டோம். எல்லாம் காய்ந்து கிடந்தது. நாத்தனார் துணியை எடுத்து மறுபடியும் துடைத்துக் காட்டினாள்.

அந்த வழியாக மாட்டுக்குப் புல் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். "இன்னா சார், நின்னுபோச்சா? தள்ளணுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா," என்றார் மாமியார், தலையை வெளியே எடுக்காமலே. "நல்லா கீது. அதான் பாக்கறோம்."

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, தானும் வந்து எங்களோடு எட்டிப் பார்த்தார்.