தப்பாகச் சொன்னால் விட்டுவிடுவார்கள்

சுவா சூ காங்கில் ஹஸீனா குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'டியூஷன் மம்மி'. மின்தூக்கிக் கதவு மூடும் நேரத்தில் வெளியே யாரோ சொன்னது ஒருநாள் அவள் காதிலேயே விழுந்தது. மகள் ஆயிஷாவை அவள் ஒரே ஒரு நாள்கூடத் துணைப்பாட வகுப்புக்கு அனுப்பியதில்லை. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மாமியாரே நம்பவில்லை.

ஹஸீனா புக்கிட் மேராவில் பிறந்து வளர்ந்தவள். வகுப்பில் பத்தோடு பதினொன்றாக இருந்து, பாலிடெக்னிக் முடித்து, மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். படிப்பில் யாரையும் முந்த வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. கணவன் சுஹைப் லிட்டில் இந்தியாவில் குடும்பத்தின் பெட்டிக் கடையைப் பார்த்துக்கொண்டான். பெட்டி என்றால் பயணப் பெட்டி. ஊருக்குப் போகிறவர்கள் வாங்கும் சக்கரம் வைத்த பெட்டிகள் கடை வாசல்வரை அடுக்கியிருக்கும். இவர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை ஆயிஷா.

அந்தப் பிள்ளை வேறு மாதிரி என்று ஹஸீனாவுக்கு முதலில் தெரிந்தது எல்.ஆர்.டி. ரயில் வண்டியில். ஆயிஷாவுக்கு அப்போது நான்கு வயது. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு புளோக் எண்களைப் படித்துக்கொண்டு வந்தவள் சட்டென்று திரும்பிக் கேட்டாள்.

"உம்மா, ரெண்டு ஒத்தை நம்பரைக் கூட்டினா ஏன் எப்பவும் ரெட்டை நம்பர் வருது?"

"அது அப்படித்தான் வரும்மா."

"அதான், ஏன்?"

அது அப்படித்தான் வரும் என்பதற்கு மேல் ஹஸீனா ஒருநாளும் யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் இருவரும் தரையில் உட்கார்ந்து, பாட்டில் மூடிகளை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தார்கள். ஒற்றை எண் என்றால் ஜோடி சேராமல் ஒரு மூடி தனியே நின்றது. இன்னோர் ஒற்றை எண்ணிலும் ஒன்று தனியே நின்றது. "ரெண்டும் தனியா இருக்கிறதால ரெண்டும் ஜோடி ஆயிடுது!" என்று ஆயிஷா கத்தியபோது ஹஸீனாவுக்கும் உடம்பு சிலிர்த்தது. சொல்லிக்கொடுத்தது யார், கற்றுக்கொண்டது யார் என்று பார்த்தால், கற்றுக்கொண்டவள் ஹஸீனாதான்.

சுஹைபுக்கு மகளின் சூட்டிகை பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு அழைத்துப் போய்ப் பெரிய பெட்டி ஒன்றின் மேல் உட்காரவைத்து, வருகிறவர்களிடம் காட்டுவான். "எதாச்சும் கணக்குக் கேளுங்க பாய், மனசுலயே போடுவா." அவர்களும் கேட்பார்கள். அவள் சொல்வாள். கை தட்டுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள், இன்னொன்று கேட்பார்கள்.

ஆயிஷாவுக்கு ஆறு வயது முடியும் சமயம், ஹஸீனாவும் கடைக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கடையில் நின்றது. "நாப்பத்தெட்டை இருபத்தஞ்சால பெருக்குனா?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"ஆயிரத்து நூறு" என்றாள் ஆயிஷா.

சுஹைப் சிரித்தான். "இல்லையே. இன்னொரு தடவ சொல்லு."

"தெரியலை வாப்பா."

"பரவால்ல, குழந்தைதானே" என்று அவர்கள் பெட்டியின் விலையைப் பேசப் போய்விட்டார்கள். ஆயிஷா இறங்கி உள்ளே போய், பெட்டிகளுக்கு இடையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். திரும்பும்போது ரயிலில் ஹஸீனா கேட்டாள். "ஆயிரத்து இருநூறுன்னு உனக்குத் தெரியாதா? ஏன் தப்பாச் சொன்னே?"

"சரியாச் சொன்னா இன்னொன்னு கேப்பாங்க. தப்பாச் சொன்னா விட்டுடுவாங்க."

ஹஸீனா வாய்விட்டுச் சிரித்தாள். கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பில் ஆயிஷாவின் வகுப்பாசிரியை மிஸஸ் கோ. கெட்டவர் என்று சொல்ல முடியாது. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டத் தெரியாதவனையும் கழிவறைக்குத் தனியே போகப் பயப்படுகிறவளையும் சமாளிக்க வேண்டியவர். கொடுத்த பயிற்சித்தாளை ஆயிஷா கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு நின்றால் அவர் என்ன செய்வார்? அதே மாதிரி இன்னொரு தாளைக் கொடுத்தார். அதையும் முடித்தால் இன்னொன்று. சில வாரங்களில் ஆயிஷா பென்சிலை மெதுவாக நகர்த்தப் பழகிக்கொண்டாள்.

பிறகு மிஸஸ் கோ வேறொரு வழி கண்டார். முடித்தவுடன் பின்தங்கிய பிள்ளைகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து உதவி செய்ய வேண்டும். வகுப்பில் அவளுக்குக் 'குட்டி டீச்சர்' என்று பெயர் வந்தது. கூடவே, இடைவேளையில் அவளை விளையாட்டுக்குக் கூப்பிடுவது நின்றது. விளையாட்டில் டீச்சரைச் சேர்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள்?

ஹஸீனா பள்ளிக்குப் போனாள். மிஸஸ் கோ மரியாதையாகத்தான் பேசினார். வீட்டில் பாடத்தை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காதீர்கள், அதனால்தான் பிள்ளைக்கு வகுப்பில் சலிப்பு வருகிறது என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகக் கேட்கிறாள் என்றாள் ஹஸீனா. மிஸஸ் கோ புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை ஹஸீனா அதற்குப் பிறகு பல முகங்களில் பார்த்தாள். 'எல்லாத் தாய்மார்களும் இதைத்தான் சொல்கிறார்கள்' என்பது அதன் பொருள்.

ஆனாலும் அவள் விடவில்லை. மறுபடி போனாள். கொஞ்சம் கடினமான கணக்கு, யோசிக்க வைக்கிற ஒன்று, வாரத்துக்கு ஒன்று போதும் என்று கேட்டாள். வேலையில் நேரத்தைக் குறைத்துக்கொண்டு நூலகத்துக்கு அழைத்துப் போனாள். மாமியார் மர்யம் பீவி தொழுகைப் பாயை மடித்துக்கொண்டே சொல்வார்: "பொம்பளைப் புள்ளைய இப்படி ஊதிப் பெருசாக்காதே. கண்ணு பட்டுடும்." ஊதுகிறவள் நானா என்று ஹஸீனா பல்லைக் கடித்துக்கொள்வாள்.

இரண்டாம் ஆண்டில் கணிதத்துக்கு மிஸ் ரக்ஷனா வந்தார். இளவயது, வேலைக்கு வந்து அதிக நாளாகவில்லை. இரண்டாவது வாரத்திலேயே அவர் ஹஸீனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "சிஸ்டர், உங்க பொண்ணு வேணும்னே ஸ்லோவா செய்றா. கவனிச்சீங்களா?" வெளியாள் ஒருவர் முதல் முறையாக அதைப் பார்த்திருந்தார்.

மிஸ் ரக்ஷனா ஒரு உறையில் கேள்விகள் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார். மற்றவர்கள் பயிற்சித்தாள் செய்யும்போது ஆயிஷா உறையைப் பிரிப்பாள். ஒருநாள் பள்ளி முடிந்து ஓடிவந்து, பை தோளிலிருந்து நழுவி விழுவதைக்கூடக் கவனிக்காமல் கத்தினாள்.

"உம்மா! எனக்குத் தெரியலை! ரொம்ப நேரமா யோசிச்சேன், இன்னும் தெரியலை!"

தெரியவில்லை என்று சொல்லி ஒரு பிள்ளை இப்படிக் குதித்ததை ஹஸீனா கண்டதில்லை. அன்று முழுதும் ஆயிஷா அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டினாள். சாப்பிடும்போது சோற்றில் கோடு போட்டாள். தப்பாகப் போட்டாள், அழித்தாள், அழுதாள், மறுபடி போட்டாள். விடை கிடைத்தபோது அவள் முகத்தில் இருந்த அமைதி, நோன்பு திறந்தவரின் முகத்தில் இருக்குமே, அதுபோல இருந்தது.

அந்தப் பருவம் முடியுமுன்பே அது நின்றது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி உறையா என்று சில பெற்றோர் புகார் எழுதினார்கள். எங்கள் பிள்ளைக்கும் கொடுங்கள் என்றார்கள். கொடுத்துப் பார்த்தபோது, எங்கள் பிள்ளை அழுகிறது, ஏன் இவ்வளவு கடினம் என்றார்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக நடத்த வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. மிஸ் ரக்ஷனா பள்ளி வாசலில் ஹஸீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி சிஸ்டர், என்னால முடியலை" என்றபோது கண் கலங்கியிருந்தது. ஆயிஷா பக்கத்தில்தான் நின்றாள். ஆண்டு முடிவில் அவர் வேறு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் ஆண்டில் திறன்மிக்க பிள்ளைகளை அடையாளம் காணும் தேர்வு வந்தது. ஹஸீனா ஒன்றும் தயார் செய்யவில்லை. இதில் தேறினால், இவளைப் போலவே ஏன், ஏன் என்று கேட்கிற நாலு பிள்ளைகளோடு உட்காரலாம். அது போதும் என்று நினைத்தாள். துஆ செய்தாள்.

ஆயிஷா தேறவில்லை. தேர்வுக்கு எந்தப் பயிற்சிக்கும் போகாத எதிர் வீட்டுப் பையன்கூடத் தேறியிருந்தான்.

அந்த ஆண்டு வகுப்பாசிரியை மறுபடியும் மிஸஸ் கோ. பெற்றோர் சந்திப்பில் அவர் கனிவாகச் சொன்னார்: சில பிள்ளைகள் சின்ன வயதில் வேகமாக ஓடுவார்கள், போகப் போக மற்றவர்களோடு சமமாகிவிடுவார்கள். இப்போது ஆயிஷா நன்றாகப் பழகுகிறாள், வகுப்பில் தொந்தரவே இல்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். அந்தக் குரலில் ஆறுதல் இருந்தது. அதற்கு அடியில் நிம்மதியும் இருந்தது.

அன்று மாலை புளோக்குக்குக் கீழே விளையாட்டு மைதான பெஞ்சில் உட்கார்ந்து ஹஸீனா கேட்டாள்.

"டெஸ்ட் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம்மா?"

"இல்லையே. ஈஸிதான்."

"அப்புறம்?"

ஆயிஷா காலணியின் முனையால் மண்ணைக் கிளறினாள். "கொஞ்சம் விட்டுட்டேன். கொஞ்சம் தப்பா போட்டேன்."

"ஏன்?"

"நீங்க ஸ்கூலுக்கு வந்தாலே மிஸஸ் கோ ஃபேஸ் மாறிடுது உம்மா. அப்புறம் ரெண்டு நாளைக்கு என்கிட்ட சரியாப் பேச மாட்டாங்க. ரக்ஷனா மிஸ்ஸும் என்னாலதான் போனாங்க."

"யாரு சொன்னா உன்னால போனாங்கன்னு?"

"யாரும் சொல்லலை. எனக்குத் தெரியும்." பிறகு பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "இப்போ எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல? ரீசஸ்ல என்னையும் கூப்பிடறாங்க. சிவானி என்கூடதான் சாப்பிடறா."

ஹஸீனாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? மிஸஸ் கோவையா, புகார் எழுதிய பெற்றோரையா, பெட்டி மேல் உட்காரவைத்த கணவனையா? பிள்ளைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு பள்ளிப் படிகளில் ஏறி ஏறி இறங்கியவள் அவள். பிள்ளை அதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சுஹைபிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "சும்மா சொல்றா லா. ஃபெயிலானதுக்கு ஒரு சாக்கு. விடு ஹஸீனா. இப்பதான் புள்ள புள்ளையா இருக்கா." ஒரு வகையில் அவனுக்கும் மனம் லேசானது அவளுக்குத் தெரிந்தது. அன்று அவனோடு அவள் போட்ட சண்டை அந்த வீடு அதுவரை கேட்டிராதது. நடுவில் ஆயிஷா எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஹஸீனா நிறுத்திவிட்டாள். அந்த வீட்டிலும் இனித் தன் பேச்சை எடுத்தால் முகங்கள் மாறும் என்று பிள்ளை குறித்துக்கொண்டிருப்பாள்.

அதன்பின் ஹஸீனா பள்ளிப் பக்கம் போகவில்லை. வேலையில் மீண்டும் முழு நேரம் சேர்ந்தாள். ஆயிஷாவின் மதிப்பெண்கள் எழுபதுகளில், அதிகம் போனால் எண்பதில் நின்றன. மிக ஒழுங்காக, அலுங்காமல் குலுங்காமல் நின்றன. மாமியார் மனம் குளிர்ந்தார். மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரிகள் இப்போது அன்பாகப் பேசினார்கள்.

இப்போது ஆயிஷா நான்காம் ஆண்டில் இருக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹஸீனா மேசையில் பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே ஆயிஷா ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள். வெகு நாள் அடக்கி வைத்திருந்தது ஹஸீனாவை மீறி வாயில் வந்தது.

"ஒரு விருந்துக்கு வந்தவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு தடவ கை குடுத்தாங்களாம். மொத்தம் அறுபத்தாறு தடவ கை குடுத்திருக்காங்க. எத்தனை பேர் வந்திருப்பாங்க?"

ஆயிஷாவின் பென்சில் நின்றது. பார்வை ஜன்னல் பக்கம் போய் எதையும் பார்க்காமல் நிலைத்தது. உதடுகள் லேசாக அசைந்தன. ஹஸீனா அந்த முகத்தையே பார்த்தாள். இதோ, இதோ என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு அந்த அமைதி வந்தது; பழைய அமைதி, விடை கிடைத்தவுடன் முகத்தில் பரவுமே, அதேதான். கண் சிமிட்டும் நேரம் இருந்துவிட்டு மறைந்தது.

"முப்பத்து மூணு பேரா?" என்றாள் ஆயிஷா.

ஒரு கைகுலுக்கலுக்கு இரண்டு பேர், ஆகவே பாதி. சாதாரணமாகக் கணக்குப் போடும் பிள்ளை அப்படித்தான் சொல்லும். அந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று தேடி எடுத்துச் சொல்ல, பன்னிரண்டு என்ற சரியான விடை தெரிவதைவிட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆயிஷா தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், மிஸஸ் கோவின் முகத்தைப் பார்ப்பதுபோல.

"தெரியலையேம்மா, எனக்கும் விடை தெரியாது" என்றாள் ஹஸீனா.

ஆயிஷா தலையாட்டிவிட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டக் குனிந்தாள். ஹஸீனா பயறில் கல் தேடினாள். கண்ணீர் மறைத்ததால் எது கல், எது பயறு என்று தெரியவில்லை.