கம்ப்யூட்டருக்கு வந்த விருந்தாளிகள்

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு மாமா, வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டரை ராப்பகலாக ஓடவிட்டிருந்தார். தங்கள் கம்ப்யூட்டரை டெலிபோனில் இணைக்கும் மோடம் உள்ளவர்கள் அவர் வீட்டு நம்பரை அழைத்து அதற்குள் நுழைந்து கடிதம் போடலாம், படிக்கலாம். மூடி கழற்றிய பெட்டிக்கு டேபிள் ஃபேன் காற்று; மாமாவுக்கு வெறும் வேர்வை.

யார் நுழைந்தாலும், போட்டது போட்டபடி ஓடிவந்து, அவர்கள் திரையில் தெரியும்படி ஆங்கில எழுத்தில், "வாங்கோ, சாப்ட்டாச்சா?" என்று தட்டுவார்.

"மெஷின் தானா பாத்துக்கும் மாமா. நீங்க கச்சேரிக்குப் போங்க" என்றேன், ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது.

"நன்னா இருக்கே! ஆத்துக்கு வந்தவாளை வாங்கோன்னு சொல்ல ஆள் இல்லேன்னா என்ன நெனைச்சுப்பா?"

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது: "லைனே கிடைக்காம என் தங்கை தவிக்கறாளே, அவ என்ன நெனைச்சுப்பா?"

மார்கழியில் ஒரு மாலை, மாமா ஒருவழியாகக் கச்சேரிக்குக் கிளம்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இன்றாவது நிம்மதியாகக் கடிதம் படிக்கலாம் என்று அடையாறிலிருந்து உள்ளே நுழைந்தேன். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி வந்தன.

"வாங்கோ. மாமா கச்சேரிக்குப் போயிருக்கார். நான் மாமி. சாப்ட்டாச்சா?"

நல்ல பசி. ஆனாலும், "ஆச்சு மாமி" என்று தட்டினேன். இல்லை என்றிருந்தால் அந்த ஒயர் வழியாக என்ன அனுப்பியிருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.