கிடா சொன்ன காலேஜ்

கிளாரினெட்டின் வாயில் பொருத்தும் மெல்லிய நாணல் பட்டையை ரீடு என்பார்கள். சக்கரவர்த்தி அதை எப்போதும் நாக்கின்மேல் ஊறப் போட்டிருப்பான். யாராவது ஏதாவது கேட்டால் அதை எடுத்து, சட்டையில் துடைத்து, பையில் வைத்த பிறகுதான் பேச்சு. அதற்குள் கேட்டவர் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார்.

கலசப்பாக்கம் பேண்டு செட்டில் ஊதிப் பழகிய அவனுக்கு எழுபத்தெட்டில் இரண்டு இசைக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று பட்டணத்தில், இன்னொன்று தெற்கே காவிரிக்கரையில். ரேடியோவில் வாசிக்கும் கிளாரினெட் வாத்தியார் பட்டணத்துக் கல்லூரியில் இருந்தார். அவரிடம் படிக்காவிட்டால் ஆயுசுக்கும் பிணத்துக்கு முன்னால் ஊத வேண்டியதுதான் என்று சக்கரவர்த்தி முடிவு கட்டியிருந்தான்.

"ஊதறதுக்கு காலேஜு, அதுவும் ரெண்டா?" என்றார் அப்பா மாதையன். "அம்மனையே கேட்டுடலாம்."

பெண் எடுப்பதென்றாலும் நிலம் வாங்குவதென்றாலும் அவர்களுடைய மலை ஊரில் ஆட்டின்மேல் தண்ணீர் தெளித்துத்தான் கேட்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அம்மனுக்குச் சம்மதம். ஆடி வெள்ளியன்று காளியம்மன் முன்னால் கிடாவை நிறுத்தி மாதையன் தண்ணீர் தெளித்தார்.

"பட்டணத்துக்கு அனுப்பட்டுமா தாயே?"

கிடா அசைபோட்டது. இரண்டாவது செம்பும் தீர்ந்தது. சொட்டச் சொட்ட நின்றபடி அது கூட்டத்தை வேடிக்கை பார்த்தது.

"பட்டணம் வேணாங்குது. தெக்க கேட்டுப் பாருய்யா" என்றாள் அம்மா செல்லியம்மாள்.

சக்கரவர்த்தி ரீடை எடுத்தான். துடைக்கவில்லை, நேராகக் கிளாரினெட்டில் பொருத்தினான்.

"அம்மாளுக்கு ஒரு பாட்டு ஊதிட்டுக் கேக்கலாம்ப்பா."

ஆடு மேய்த்துக்கொண்டே சாதகம் செய்தவன் அவன். மேல் ஸ்தாயியில் எந்த இடத்தில் ஆடுகள் காதை உதறும் என்பது அவனுக்கு அத்துப்படி. சுற்றி வளைக்காமல் அங்கேயே போனான். கிடா தலையிலிருந்து வால்வரை சிலுப்பியது.

"பட்டணத்துக்கே அம்மன் உத்தரவு குடுத்துட்டாடா!" என்றார் மாதையன், முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்தபடி.

"இன்னா உத்தரவு? காதுவலி தாங்காம உதறுச்சு."

செல்லியம்மாள் சொன்னது குலவையில் அமுங்கிப்போயிற்று. அன்று கிடாவின் ஈரலை சக்கரவர்த்திக்குத்தான் முதலில் வைத்தார்கள்.

பட்டணத்தில் வாத்தியார் இல்லை. எங்கே போனார் என்று சொல்ல ஆளும் இல்லை. "வேற ஒருத்தர் வர்ற வரைக்கும் மிருதங்கம் கத்துக்கப்பா" என்றார்கள். யாரும் வரவில்லை. மூன்று வருடம் தட்டிவிட்டு சர்டிபிகேட்டோடு மலை ஏறினான். மறுபடியும் அதே பேண்டு செட், அதே பிணங்கள். "காலேஜு ஊதலு வந்துட்டாரு, வழி வுடுங்கடா" என்பார் செட்டு மாஸ்டர் தங்கவேல். பதில் சொல்ல சக்கரவர்த்தி ரீடை எடுக்கவே மாட்டான்.

பிறகொரு கல்யாணத்துக்குத் தெற்கே காவிரிக்கரைக் கல்லூரியில் படித்த ஒரு கிளாரினெட்காரர் வந்திருந்தார். யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டதற்கு அந்த ரேடியோ வாத்தியாரின் பேரைச் சொன்னார்.

"எழுபத்தெட்டு ஆனி மாசமே பட்டணத்த விட்டுட்டு எங்க காலேஜுக்கு வந்துட்டாருங்களே."

கிடாவை நிறுத்தியது ஆடியில்.