படகுத்துறையில் ஒரு பெயர்

புருல்கான் ரொட்டி விற்பது குழந்தைவண்டியில். ஏரிக்கரையில் இருக்கும் பாலிக்சி ஊரில் அந்த வண்டியைத் தெரியாதவர் கிடையாது. அதன் முன்சக்கரம் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டதுமே ரயிலடியில் நிற்கிறவர்கள் பைக்குள் கைவிட்டுச் சில்லறை தேடுவார்கள். புருஷன் அந்த வண்டியை வாங்கி வந்தபோது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. அது தங்கவில்லை. அதற்குப் பின் வந்ததும் தங்கவில்லை. கடைசியில் அந்த வண்டியில் போர்வைக்குள் சூடாகப் படுத்துக்கொண்டது ரொட்டிதான்.

புருஷன் ஏரியில் படகு ஓட்டினான். கரைக்குத் திரும்பும்போது படகின் சங்கை இரண்டு முறை சுருக்கமாகவும் ஒரு முறை நீட்டியும் ஊதுவான். ஊரே அதைக் கேட்கும், ஆனால் அது ஊருக்காக ஊதியது இல்லை. அவள் தேநீருக்கு அடுப்பு மூட்டுவதற்காக ஊதியது. ஒரு இலையுதிர் காலத்தில் உலான் காற்று மலையிலிருந்து இறங்கி அடித்த அன்று சங்கு ஊதவில்லை. மறுநாள் படகின் பலகைகள் கரை ஒதுங்கின. அவன் ஒதுங்கவில்லை. அந்த ஏரி வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காது. புதைக்க உடம்பு இல்லை, கல்லில் பெயர் வெட்டக் கல்லறை இல்லை. அப்பன் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளப் பிள்ளையும் இல்லை.

அவன் பெயர் என்ன என்று கேட்டால், புருல்கான் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி வெள்ளை முக்காட்டோடு வாசலில் கால் வைத்த அன்றே உம்சுனை என்கிற மாமியார் சொல்லிவிட்டாள்: மாமனார் பேரும் புருஷன் பேரும் மருமகள் நாக்கில் வரக்கூடாது. வரவும் இல்லை. "வீட்டுக்காரர்" என்பாள், கோபம் வந்தால் "அந்தப் படகுக்காரர்" என்பாள். அவள் சொல்லாத பெயரை நாமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

வியாழக்கிழமை தோறும் இறந்தவர்களுக்கு வாசனை போகட்டும் என்று எண்ணெய் காயவைத்து மாவுருண்டை பொரிப்பாள். இரண்டு வருஷமாக மாமியாருக்கு ஞாபகம் தேய ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் மகன் முழுகிப்போனதைத்தான் மறந்தாள்.

"இன்னிக்கு யாருக்குடி பொரிக்கிற?" என்று கேட்பாள்.

"மாமாவுக்கு, அபா."

"அவருக்குக் குடு, குடு. தின்னுக்கிட்டே இருப்பாரு மனுஷன்."

மாமியாரை அவள் அம்மா என்ற பொருளில் அபா என்றுதான் கூப்பிடுவாள். கண்ணில் வந்த நீரின் பழியை எண்ணெய்ப் புகை மேல் போட்டுவிடுவாள்.

இந்தச் சமயத்தில்தான் தலைநகரத்திலிருந்து நூர்ஸாத் என்ற பெண் வந்து சேர்ந்தாள். கழுத்தில் ஒலிப்பதிவுப் பெட்டி, தலையில் காதை மூடிக் கேட்கும் பெரிய கருவி. ஊருக்கு ஒரு நடை செய்கிறாளாம். போனில் அதைப் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு ரயிலடியிலிருந்து ஏரிக்கரை வரை நடக்க வேண்டும். எந்த இடத்தில் நிற்கிறோமோ அந்த இடத்தின் சத்தமும் கதையும் தானே காதில் பேசும். ஊர்க்காரர்கள் அதற்குக் காதுநடை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மீன்கடைக் காசிமாலி தன் பங்குக்குப் பேசும்போது தன் பெயரை மூன்று தடவையும் மீன் விலையை நாலு தடவையும் சொன்னான்.

"அண்ணே, கதை சொல்லுங்கன்னா விளம்பரம் பண்றீங்களே!"

"புகை போட்ட மீன்தாம்மா என் கதை. வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

படகுத்துறையில் புருல்கான் பேசினாள். வாழ்நாளில் யாரும் அவளை உட்காரவைத்து இவ்வளவு நேரம் கேட்டதில்லை. சங்கைச் சொன்னாள், தேநீரைச் சொன்னாள், காற்று அடித்த நாளையும் பலகைகளையும் பிள்ளை தங்காததையும் சொன்னாள். மனசு லேசானது. கல் நடமுடியாத இடத்தில் குரலையாவது நட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினாள்.

நடை தொடங்கிய முதல் வாரம், வெளியூர்ப் பெண் ஒருத்தி துறையில் நின்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி ரொட்டி வாங்க வந்தாள்.

"இந்தக் கதையில வர்றவர் பேரு என்னங்க? மீன்காரர் பேருகூட வருது, அவர் பேரு மட்டும் வரலையே?"

புருல்கானுக்குக் கையில் இருந்த ரொட்டி நழுவியது. அத்தனை சொல்லியும் அவனைப் பெயரில்லாதவனாகவே விட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு அது தோன்றவே இல்லை. தோன்றும்படி அவள் வளரவில்லை.

நூர்ஸாத்திடம் போய் நின்றாள். நூர்ஸாத் சிரித்தாள். "இவ்ளோதானே அக்கா? பேரை நான் படிச்சுச் சேத்துடறேன்."

"நீ யாரு அவருக்கு? விலாசமா படிக்கப் போற?"

"அப்ப நீங்களே சொல்லுங்க."

புருல்கான் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். இருமல்தான் வந்தது.

"எனக்கு வராது. பெத்தவ இருக்கா. அவ வாயில வரட்டும்."

"அவங்களுக்குத்தான் ஞாபகமே..."

"மகன் பேரு மறக்கலை. மத்ததுதான் மறந்துபோச்சு."

ஒரு மத்தியானம், ரொட்டியை இறக்கிவிட்டு, மாமியாரின் கையைப் பிடித்து மெல்ல நடத்தித் துறைக்குக் கூட்டிப் போனாள். முதலில் கேட்கட்டும், கேட்டால் தானே பேசுவாள் என்பது அவள் கணக்கு. நூர்ஸாத் பதிவுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிழவியின் முக்காட்டுக்கு மேலே கருவியை மாட்டினாள்.

"இது என்னடி, காதுக்குத் தொப்பியா?"

"கேளுங்க அபா. ஒரு பொம்பள கதை சொல்றா."

கிழவி கேட்டாள். அலைச் சத்தத்துக்குத் தலையாட்டினாள். சங்கைப் பற்றிய பேச்சு வந்ததும் முகம் மலர்ந்தது. "அடியே, எம்மவன் மாதிரியே ஊதியிருக்கான் பாரு!" என்றாள். அப்புறம் காற்று வந்தது, பலகைகள் வந்தன. கிழவியின் கன்னச் சுருக்கங்களில் கண்ணீர் வழி தேடி இறங்கியது. பக்கத்தில் நிற்கிற மருமகளின் குரல்தான் அது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பாவி மக. யாரு பெத்த பொண்ணோ. புள்ளையும் இல்லையாமே." கருவியைக் கழற்றினாள். "அவ புருஷன் பேரு என்னடி?"

புருல்கான் ஏரியைப் பார்த்தாள்.

"நானும் கடைசி வரைக்கும் காது குடுத்தேன், பேரே சொல்லலை. நல்ல வளர்ப்பு. அவ மாமியார் குடுத்து வச்சவ." கிழவி மூக்கைச் சிந்திவிட்டு, மருமகளின் தோளைத் தட்டினாள். "நீ ஏண்டி அழுவுற? எம்மவன் அஷிம்பெக் சாயங்காலம் வந்துடுவான். சங்கு ஊதினா தேத்தண்ணி சூடா இருக்கணும். வா, போலாம்."

பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெயர் கிடைத்துவிட்டது.

மறுநாள் நூர்ஸாத் வீட்டுக்கே வந்தாள். முதலில் கிழவியின் வார்த்தை, அதன் பிறகு புருல்கானின் கதை என்று கோத்திருந்தாள். "கேக்கறவங்க கலங்கிடுவாங்க அக்கா," என்றாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து கிழவி குரல் கொடுத்தாள்: "அடியே, அந்தக் காதுத் தொப்பிக் கதை கேக்கப் போலாமா இன்னிக்கும்?"

புருல்கான் மாவுக் கையைத் துணியில் துடைத்தாள்.

"தினம் கேக்கணும்னு சொல்லுவா. தினம் கூட்டிட்டுப் போவேன். மகன் பேரை அவளே சொல்லுவா, அடுத்த மூச்சுல அவர் முழுகிட்டார்னு நான் சொல்லணுமா?"

"அப்ப பேரை எடுத்துடலாம்."

"பேரு இருக்கும். என் கதையை எடு."

"அக்கா, அது முழுக்க உங்க வாழ்க்கை. அதுக்காகத்தான் நான் இந்த ஊருக்கே..."

"எடுன்னா எடு. என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்ல, போதும்."

நூர்ஸாத் இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தாள். புருல்கானிடம் கெஞ்சி ஜெயித்தவர் யாரும் இல்லை. கதையை எடுத்தாள். கடைசியில் வேறொரு படகிலிருந்து சங்கை மட்டும் பதிவு செய்து சேர்த்தாள், இரண்டு சுருக்கம், ஒரு நீட்டல். புருல்கான் அதை ஒருமுறை கேட்டுச் சரி என்றாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்போது துறையில் நிற்கிறவர்களின் காதில் அலை அடிக்கும், ஒரு கிழவி மகன் வந்துவிடுவான் என்பாள், சங்கு ஊதும், அவ்வளவுதான். கேட்டவர்கள் கருவியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்ப்பார்கள். அப்புறம் கீச்சுச் சத்தம் கேட்டு ரொட்டி வாங்க வருவார்கள். அவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்:

"நீங்க இங்கதானே இருக்கீங்க? அஷிம்பெக் வந்துட்டாரா?"

புருல்கான் போர்வையை விலக்கி, அடியில் கிடக்கும் சூடான ரொட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள்.

"இன்னும் இல்ல. இன்னிக்குக் காத்து கொஞ்சம் பலமா இருக்கு."